வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாது

நானோ துகள்களை (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள்) ஊசியில் ஏற்றி வெளியிலிருந்து ஒளி காட்டினால், உடலில் எங்கிருக்கும் புற்றுநோயும் அழியும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஒளியால் மருந்தைத் தூண்டிப் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மைதான். ஆனால் சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் வரைதான் பயன்படும்; அண்மை அகச்சிவப்பு (சிவப்புக்கு அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) இன்னும் கொஞ்சம் போகும். உடலுக்கு ஒத்துப்போகும் துகளாகவே இருந்தாலும் இந்தத் தடை இருக்கும்.

இருட்டில் செல்போன் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் சிவப்பாகத் தெரியும். அப்புறம் தொடையில் வையுங்கள். சுற்றி ஒரு சிவப்பு வளையம், அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1995-இல் அனுமதித்த, ஒளியால் தூண்டப்படும் புற்றுநோய் மருந்தான போட்டோஃப்ரினின் மருந்துக் குறிப்பைப் படியுங்கள் (அது நானோ மருந்தல்ல, ஒளிக் கணக்கு ஒன்றுதான்). உணவுக்குழாய்க் கட்டிக்கே 630 நானோமீட்டர் சிவப்பு லேசரை எண்டோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாய் வழியே உள்ளே கொண்டுபோய்த்தான் காட்டுகிறார்கள்.