இரண்டு கிலோதானே என்று பையன்களிடம் சொல்லாதீர்கள்

குத்துச்சண்டை கிளப்புகளில், போட்டிப் பிரிவின் வரம்புக்குள் நிற்பதற்காக எடை குறைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் உடனே மேரி கோமை எடுத்துவிடுவார். 2018 செப்டம்பரில் போலந்தின் கிளிவிட்சே நகரில் நடந்த போட்டி. விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்குத்தான் அங்கே போய் இறங்குகிறார். ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும். போட்டியிடுவது 48 கிலோவில், உடம்பில் இரண்டு கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் நிற்காமல் ஸ்கிப்பிங் ஆடி எடையை இறக்கினார், தங்கத்தோடு திரும்பினார். உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு பதினைந்து, பதினாறு வயதுப் பையனிடம் "அவங்களே பண்ணாங்க, உனக்கு என்னடா?" என்று கேட்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நிகத் ஜரீனுக்கு நடந்ததை யாரும் அந்த அளவுக்குச் சொல்வதில்லை. 2022-ல் 52 கிலோவில் உலக சாம்பியன். பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவே கிடையாது. 50-க்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் 54-க்கு ஏற வேண்டும். இறங்கினார். 2023-ல் டெல்லியில் 50 கிலோவிலும் உலகப் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு பாரிஸில் சீனாவின் வூ யூவிடம் 5-0 என்று தோற்று வெளியே வந்தபோது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, எடை பார்த்த பிறகு உடம்பு தேறுவதற்கு நேரம் இருக்கவில்லை என்று சொன்னார். வூ யூ அந்தப் பிரிவில் தங்கமே வாங்கியவர், அதனால் தோல்விக்கு எடை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலகின் மிகச் சிறந்த எதிராளியைச் சந்திக்கும் நாளில் நம் வீராங்கனை வெறும் வயிற்றிலிருந்தும் வறண்ட தொண்டையிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வித்தியாசம் எத்தனை கிலோ? அதே இரண்டு கிலோதான்.

அதனால் சின்ன எடைக்குறைப்பு பாக்ஸரைப் பலவீனமாக்குமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: எதிலிருந்து குறைத்தீர்கள், மணி அடிக்க எத்தனை மணி நேரத்துக்கு முன், யாருடைய உடம்பில்? இந்த மூன்றும் தெரியாமல் கிலோக் கணக்கை மட்டும் பேசுவதில் அர்த்தமே இல்லை.

கடைசி நாட்களில் இறங்கும் எடை கொழுப்பு இல்லை. கொழுப்பு அவ்வளவு வேகமாக இறங்காது. இறங்குவது குடலில் கிடக்கும் மிச்சம், தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து, அப்புறம் தண்ணீர். முதலாவது பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் கீரை, காய்கறி, பயறு என்று நார்ச்சத்து உள்ளதைக் குறைத்துவிட்டு வெள்ளைச் சோறு, முட்டை, இட்லி என்று அளவாகச் சாப்பிட்டால் வயிறு காலியாகி ஒரு கிலோ வரை கூட இறங்கும். பலம் குறையாது. சின்னக் குறைப்பு ஒன்றும் செய்யாது என்பவர்கள் சொல்வது இந்த ஒரு வழிக்குப் பொருந்தும்.

சோற்றையே நிறுத்துவது வேறு கதை. தசையில் இருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு நாள் சோறு, சப்பாத்தியை விட்டால் இரண்டும் சேர்ந்து போய் எடை கடகடவென்று இறங்கும், பையனுக்கும் சந்தோஷம். ஆனால் மூன்று நிமிட ரவுண்டில் தொடர்ந்து அடிக்க எரிகிறதே, அது அந்தச் சத்துதான். அது முழுசாகத் திரும்ப நிறைய ஒரு நாள் ஆகும்.

தண்ணீரைக் குறைப்பதுதான் மோசம். உடல் எடையில் இரண்டு சதவீதம் தண்ணீர் போனாலே தாக்குப்பிடிக்கும் சக்தி குறைய ஆரம்பிக்கும். ரத்தத்தின் அளவு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. ஒரு அடியின் பலம் அப்படியே இருக்கலாம், பயிற்சியில் மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் அடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் பல மாஸ்டர்கள் "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்கிறார்கள். முதலில் போவது அடித்த கை தாடைக்குத் திரும்பி வரும் வேகம். இரண்டாவது ரவுண்ட் பாதியில் ஜாப், அதாவது முன் கையால் விடும் நேர் குத்து, போகும், திரும்பி வரும்போது மார்போடு நின்றுவிடும். எதிராளியின் வலது கைக்கு அந்த இடைவெளி போதும்.

யாருடைய உடம்பு என்பதையும் பாருங்கள். 90 கிலோக்காரருக்கு இரண்டு கிலோ என்பது இரண்டு சதவீதம் சொச்சம். 50 கிலோப் பெண்ணுக்கு நான்கு சதவீதம். எடை குறைந்த பிரிவுகளில் இருக்கும் நம் பிள்ளைகளிடம்தான் "ரெண்டு கிலோதானே" என்று அதிகம் சொல்கிறோம்.

அடுத்தது நேரம். தொழில்முறைப் போட்டிகளில் முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு மேல் கையில் இருக்கிறது. அதிலும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. 2025 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டன் பாக்ஸர்கள் கிறிஸ் யூபாங்க் ஜூனியரும் கோனர் பென்னும் மோதியபோது எடை வரம்பு 160 பவுண்ட். யூபாங்க் 160.05 நின்றார், ஏறத்தாழ 23 கிராம் கூடுதல். அதற்கு அபராதம், பிரிட்டன் பணத்தில், 3,75,000 பவுண்ட். மறுநாள் காலையில் எடை 170-ஐத் தாண்டக் கூடாது என்று இன்னொரு நிபந்தனை. எலும்பு தெரியும் முகத்தோடு வந்து பன்னிரண்டு ரவுண்டும் ஆடி ஜெயித்தார், நேரே மருத்துவமனைக்குப் போனார். நவம்பரில் மறு ஆட்டம். கடைசி ரவுண்டில் இரண்டு முறை விழுந்து, புள்ளிகளில் தோற்றார். 36 வயது என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வயதில் உடம்பை இரண்டு முறை அப்படிப் பிழிந்ததற்கு ஒரு விலை இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அமெச்சூர் போட்டியில் அந்த ஒரு நாளும் கிடையாது. ஆடும் நாள் காலையில் எடை, சில மணி நேரத்தில் ரிங். நாளைக்கு மறுபடி ஆட்டம் என்றால் நாளைக் காலையும் எடை. இழந்தது இரண்டு லிட்டர் என்றால் அதை ஈடுகட்ட மூன்று லிட்டர் அளவுக்கு, உப்போடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். யார் அப்படிக் குடிக்கிறார்கள்? எடை இயந்திரத்திலிருந்து இறங்கியதும் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்த்து, மேலே ஆறு இட்லியை அடைத்து, வாந்தி வருகிறது என்று வார்ம்-அப்பில் குனிந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனையோ போட்டிகளில் பார்த்துவிட்டேன். முந்தின நாள் அவர்களைப் பாருங்கள். மே மாத வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓடுவார்கள். கையில் ஒரு காலி பாட்டில், அதில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பார்கள், அந்த ஐம்பது கிராமுக்காக. உதடு வெடித்திருக்கும். பேசினால் எரிந்து விழுவார்கள். தண்ணீர் இல்லாத உடம்பு மனதையும் சேர்த்துத்தான் வாட்டும்.

"எல்லாரும் குறைக்கிறார்கள், நாம் குறைக்காவிட்டால் நம் பையன் பெரிய உடம்புக்காரனிடம் அடி வாங்குவான்" என்று மாஸ்டர்கள் சொல்வார்கள். இந்தப் பயம் நியாயமானது. பாரிஸில் ஆண்களுக்கு 51-க்கு அடுத்து 57, அதற்கடுத்து 63.5, அப்புறம் 71. நடுவில் இருப்பவன் எங்கே போவான்? 2012 லண்டனில் பத்துப் பிரிவு இருந்தது, பாரிஸில் ஏழாகிவிட்டது. தப்பு பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். முந்தின நாள் எடை பார்க்கும் இடத்தில் குறைத்தவன் திரும்ப ஏற்றிக்கொண்டு பெரிய ஆளாக வருவான். காலையில் எடை, மதியம் ஆட்டம் என்றால் அவன் ஏற்றிக்கொள்ளவே நேரம் இல்லை. உயரமும் கை நீளமும் கூடுதலாக இருக்கும், சரி. மூன்றாவது ரவுண்டில் அந்த நீளக் கையைத் தூக்க அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? அதனால் என் கிளப்பில் யார் கேட்டாலும் மேல் பிரிவுக்குப் போ என்றுதான் சொல்கிறேன். நிகத்தும் 2025 உலகப் போட்டிக்கு 51-க்கு வந்தார். ஒரே ஒரு கிலோதான், ஆனால் ஏறு திசையில்.

மூளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வறண்ட உடம்போடு தலையில் அடி வாங்கினால் பாதிப்பு கூடும் என்று மருத்துவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். இன்னும் முழுசாக நிரூபணம் ஆகவில்லை. நிரூபணம் ஆகும்வரை நம் பிள்ளைகளை வைத்துச் சோதிக்க வேண்டுமா?

1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள், சில வார இடைவெளியில். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் விதியையே மாற்றினார்கள். வியர்க்க வைக்கும் ரப்பர் சூட்டுக்கும் சானா என்ற வெப்ப அறைக்கும் தடை. சீசன் ஆரம்பத்திலேயே ஒவ்வொருவருக்கும் கொழுப்பு அளவு பார்த்து, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச எடை. அந்த அளவு எடுப்பதற்கு முன் சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கிறார்கள், உடம்பு வறண்டிருந்தால் அன்றைக்கு அளவே எடுக்க மாட்டார்கள். சோதனைக்கு ஒரு சின்னக் கருவி போதும், ஸ்டேடியம் கட்டும் செலவெல்லாம் இல்லை. மாவட்ட அளவில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காவது, அடுத்த சீசனிலிருந்து இதைக் கொண்டுவர வேண்டும். சங்கங்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். பிள்ளையை பாக்ஸிங்குக்கு அனுப்பும் அப்பா அம்மாக்கள், போட்டிக்கு முந்தின ராத்திரி அவன் தண்ணீர் குடித்தானா என்று கேளுங்கள். குடிக்கவில்லை என்றால் காலையில் மாஸ்டருக்கு போன் போட்டு அவரையும் கேளுங்கள்.