வரைகிறவளைத் தவிர எல்லாரும் தேர்ந்தெடுக்கும் சாஃப்ட்வேர்

"கம்ப்யூட்டர்ல படம் வரையணும், எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்று சென்னையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். என்ன வரையப் போகிறாய், எதில் வரையப் போகிறாய், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும்: போட்டோஷாப். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர் சொல்வார், பயிற்சி நிலையத்துக்காரர் சொல்வார், பிரஸ்காரர் சொல்வார், ஐ.டி.யில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார். வரைந்து பழகியவர் இவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். வயிறு எரிகிறது.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து சம்பாதிக்கிறவள். இந்த ஆத்திரம் ரொம்ப நாளாக உள்ளேயே கிடந்தது. என் அண்ணன் மகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நிற்கிறாள். பென்சிலில் கை அருமையாக ஓடும். மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களை வரைந்து ஒரு நோட்டையே நிரப்பி வைத்திருக்கிறாள். கழுத்து சாய்ந்திருக்கும் விதத்திலேயே அந்த ஆளின் களைப்பு தெரியும். போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் ஆப்பை இறக்கி, விரலாலேயே வண்ணம் பூசவும் பழகியிருக்கிறாள். மகள் முறைப்படி கற்றுக்கொள்ளட்டும் என்று அண்ணன் நாலு பேரிடம் விசாரித்து, 'டிஜிட்டல் பெயின்டிங்' என்று போர்டு போட்ட ஒரு பயிற்சி நிலையத்தில் முழு ஃபீஸையும் முன்கூட்டியே கட்டிச் சேர்த்துவிட்டார்.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னணியை மாற்றுவது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்குவது. காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் செய்வது. அதுவும் உழைத்துச் சாப்பிடும் தொழில்தான், நான் மதிக்கிறேன். ஆனால் அவள் ஓவியம் கற்கத்தானே ஃபீஸ் கட்டினாள்? படிப்பு முடியும்வரை அந்த வகுப்பறையில் ஒரு பென் டேப்லெட்டைக்கூட, அதாவது கம்ப்யூட்டரில் செருகிப் பேனாவால் வரையும் பலகையைக்கூட, அவள் பார்க்கவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "மவுஸ்ல கை செட் ஆயிட்டா அப்புறம் பென் ரொம்ப ஈஸி மேடம்" என்றார் அங்கே இருந்தவர். நீச்சல் கற்றுத்தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு மொட்டை மாடியில் கைகாலை ஆட்டச் சொல்வதுதான் இது. அழுத்தினால் கோடு தடிக்க வேண்டும், கை தளர்ந்தால் மெலிய வேண்டும். வரைகிறவர்களுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. இன்று விற்கும் சாதாரண பென் டேப்லெட்கள் பலவுமே அழுத்தத்தை 8192 நிலைகளாகப் பிரித்து உணரும். மவுஸுக்குத் தெரிந்தது இரண்டுதான்: கிளிக் உண்டு, கிளிக் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, அவள் போனில் வரைந்த படங்களைக் காட்டியபோது "இதெல்லாம் விளையாட்டும்மா, புரொபஷனல் கிடையாது" என்றிருக்கிறார்கள். ஐபிஸ் பெயின்ட்டில் கண்ணாடித் தாள்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர் இருக்கிறது, கை நடுக்கத்தைச் சீராக்கும் வசதி இருக்கிறது, ஒரு லேயரின் எல்லைக்குள் மட்டும் வண்ணம் பூசும் கிளிப்பிங் இருக்கிறது. வரைந்த விதத்தை வீடியோவாகவே எடுத்துத் தருகிறது. கையில் இருந்த போனில் தானாகவே இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைப் பார்த்து விளையாட்டு என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

போட்டோஷாப்பை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். சினிமாவில் பின்னணிக் காட்சி வரைகிறவர்கள் அதில் செய்யும் வேலையைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். ஆனால் அது 1990-ல் புகைப்படங்களைத் திருத்துவதற்காக வந்த சாஃப்ட்வேர். கோடு நடுங்காமல் வர உதவும் ஸ்மூதிங் என்ற வசதி அதற்குள் வந்ததே 2017 அக்டோபரில்தான். ஜப்பானிலிருந்து வந்த 'சாய்' போன்ற சின்ன சாஃப்ட்வேர்களில் அது எப்போதோ இருந்தது. அதுவரை போட்டோஷாப்பில் வரைந்தவர்கள் இதற்காகவே பிளக்-இன் என்ற துணை சாஃப்ட்வேர் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் யாராவது அந்தப் பிள்ளையிடம் சொன்னார்களா?

அப்புறம் பணம். 2012-ல் வந்த சிஎஸ்6 தான் ஒரேயடியாகப் பணம் கட்டி வாங்கக்கூடிய கடைசி போட்டோஷாப். 2013-ல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும். மாதாமாதம் கட்டுகிறோம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தத் திட்டங்களில் ஒன்று ஓர் ஆண்டு ஒப்பந்தம், பணம் மட்டும் மாதத் தவணை. முதல் 14 நாள் தாண்டியபின் நடுவில் விலகினால் மிச்ச மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை மறைத்து வைத்தார்கள் என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி மீது வழக்குப் போட்டது. மாதம் ஒரு அட்டைப்படம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று இருக்கும் ஓவியருக்கு, வேலை இல்லாத மாதமும் கட்டியாக வேண்டிய இன்னொரு வாடகை இது.

இதைச் சொன்னால் உடனே அடுத்த யோசனை வரும்: "யாரு மேடம் காசு குடுத்து வாங்குறாங்க? கிராக் போட்டுத் தரேன்." பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அண்ணன் மகளுக்கு லேப்டாப் வாங்கிய கடையில் நாங்கள் கேட்காமலேயே போட்டுக்கொடுத்தார்கள். அதை ஓடவைப்பதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார்கள். அந்த லேப்டாப்பில்தான் அண்ணன் பேங்க் கணக்கையும் பார்க்கிறார். என்ன வைரஸ் உள்ளே வந்தது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் சொல்கிறேன். நம் படத்தை யாராவது எடுத்து, கையெழுத்தை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பில் விட்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது இல்லையா? அடுத்தவர் உழைப்பைத் திருடித்தான் ஓவிய வாழ்க்கையைத் தொடங்க வேண்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களே வழிகாட்டுவதை என்னால் சகிக்க முடியவில்லை. அதுவும் காசே இல்லாமல், நேர்மையாகக் கிடைக்கும் நல்ல சாஃப்ட்வேர் கண்ணெதிரே இருக்கும்போது.

கிரிட்டாவைத்தான் சொல்கிறேன். கட்டற்ற மென்பொருள், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் உண்டு. முதல் நாளிலிருந்தே வரைகிறவர்களுக்கான பிரஷ்கள் தயாராக இருக்கும். W விசையைத் தட்டினால் தாளின் ஒரு ஓரம் மறு ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சேலைக்கோ துணிக்கோ தொடர் வடிவம் வரைகிறவர்களுக்கு வரம். M தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். முகத்தில் ஒரு கண் ஏறியிருப்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அண்ணன் மகள் இப்போது அதில்தான் வரைகிறாள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கண்ணீர் படலம். அண்ணன் ஒரு பென் டேப்லெட் வாங்கித் தந்தார். செருகினாள், வரைந்தாள், எல்லாக் கோடும் ஒரே தடிமன். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பேனா முனையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, கோடு தாமதமாக ஆரம்பிக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "பென் போயிடுச்சு, வேற வாங்குங்க" என்றார்கள். பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை! பேனா அனுப்பும் அழுத்தத்தை சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்ள விண்டோஸில் இரண்டு வழி உண்டு, விண்டேப் என்பது ஒன்று, விண்டோஸ் இங்க் மற்றொன்று. டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் ஒரு வழியிலும் வரையும் சாஃப்ட்வேர் இன்னொரு வழியிலும் நின்றால் அழுத்தம் வந்து சேராது. கிரிட்டாவில் செட்டிங்ஸுக்குள் போய் 'டேப்லெட்' என்ற பக்கத்தில் விண்டேப்புக்கு மாற்றிவிட்டு, டிரைவரில் விண்டோஸ் இங்க் என்ற டிக்கை எடுத்ததும் கோடு உயிரோடு வந்தது. இதைச் சொல்லத் தெரியாதவர்கள் எந்தத் தைரியத்தில் பேனா விற்கிறார்கள்? எத்தனை பிள்ளைகள் "எனக்கு டிஜிட்டல் வராது" என்று இந்த ஒரு டிக்கால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்!

மெமரி விஷயமும் இப்படித்தான். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், திறந்தால் 2480-க்கு 3508 பிக்சல். முழுதாக வண்ணம் பூசிய ஒரு லேயருக்கே சுமார் 35 எம்பி வேண்டும். முப்பது லேயர் போட்டால் ஒரு ஜிபியைத் தாண்டும், ஏ3 என்றால் அதுவே இரட்டிப்பு. வீட்டில் இருக்கும் லேப்டாப்பின் ராம் எவ்வளவு என்று கேட்காமல் சாஃப்ட்வேர் சிபாரிசு செய்கிறவர்களை என்னவென்று சொல்வது?

சரி, எல்லாருக்கும் கிரிட்டாதான் என்று நானும் அடம்பிடிக்கவில்லை. பக்கம் பக்கமாகக் காமிக்ஸ் வரைகிறவருக்கு கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் வசதி. ஆனால் பல பக்கங்களை ஒரே கோப்பில் கட்டி வைப்பது ஈஎக்ஸ் பதிப்பில்தான், புரோவில் கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஒருமுறை பணம் கட்டும் உரிமம் உண்டு, ஐபேடில் சந்தாதான். வாங்கும்முன் இதைச் சொல்ல ஆள் வேண்டும். ஐபேட் ஏற்கெனவே இருப்பவருக்கு புரோகிரியேட், ஒரே தடவை கட்டினால் போதும். ஐபேட் இல்லாதவர் அதற்காகவே ஐபேட் வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு குழந்தைப் புத்தகத்தில் கொக்கு பேசுகிற பலூனுக்குள் 'கொக்கு' என்று தட்டினேன். போட்டோஷாப்பில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது, காலும் துணையில்லாமல் தனியே. ஃபான்ட் சரியில்லை என்றார் ஒருவர், கீபோர்டை மாற்று என்றார் இன்னொருவர். காரணம் இரண்டும் இல்லை. அந்தப் பழைய பதிப்பில், பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதிக்குள் போனால், எழுத்தை அமைக்கும் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தது. அது கிழக்காசிய மொழிகளுக்கு என்று இருந்ததால் தமிழ் உடைந்தது. மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கு என்று மாற்றி, புதிதாக ஃபைல் திறந்ததும் கொக்கு ஒழுங்காக வந்தது. இத்தனை கோடிப் பேர் எழுதும் மொழி, அமைப்புகளுக்குள் நாலு கதவு தாண்டியா ஒளிந்திருந்திருக்க வேண்டும்? கிரிட்டாவும் யோக்கியம் இல்லை. 2023-ல் வந்த 5.2 பதிப்பில் எழுத்தை அடுக்கும் பகுதியையே புதிதாக எழுதினார்கள், சந்தோஷம். ஆனால் அப்போதும் படத்தின் மேலேயே தட்ட முடியவில்லை, தனி ஜன்னலைத் திறந்துதான் எழுத வேண்டியிருந்தது. 'இதில் தமிழ் உடையாமல் வருமா?' என்ற கேள்விக்கு எந்தப் பயிற்சி நிலையத்திலும் பதில் இல்லை. ஹேப்பி பர்த்டே என்று ஆங்கிலத்தில் தட்டிக் காட்டுவதோடு அவர்கள் பாடம் முடிந்துவிடுகிறது.

கடைசியாகப் பதிப்பகத்துக்காரர்களும் டிசைன் பார்ப்பவர்களும். ஒரு பதிப்பகம் என் அட்டைப்படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியது. "கிரிட்டாவா? எங்களுக்குப் போட்டோஷாப் ஃபைல்தான் வேணும்." நான் அனுப்பியிருந்தது 300 டிபிஐயில், அச்சின் நாலு மைக்கு ஏற்ற சிஎம்ஒய்கே நிறத்தில் டிஃப் ஃபைல். எந்த ஆஃப்செட் பிரஸ்ஸும் வாங்கிக்கொள்ளும். அதே ஆட்களிடம் "உங்கள் பிரஸ்ஸின் கலர் புரொஃபைலை அனுப்புங்கள்" என்று பலமுறை கேட்டும் பதிலே வரவில்லை. அந்த பிரஸ்ஸின் மையிலும் தாளிலும் நிறம் எப்படி விழும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் ஃபைல் அது. அது இல்லாமல் எந்த சாஃப்ட்வேரில் வரைந்தாலும் திரையில் பார்த்த கிளிப்பச்சை அச்சில் பாசிப்பச்சையாகத்தான் வரும், அடர்நீலம் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். அப்போது பழி மட்டும் ஓவியர் தலையில்.

உங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுங்கள். பக்க அளவு என்ன, ஓரத்தில் வெட்டுக்கு 3 மிமீ விட வேண்டுமா, எத்தனை டிபிஐ, எந்த கலர் புரொஃபைல், எழுத்து தனி லேயரில் வேண்டுமா வேண்டாமா. இதைச் சொன்னால் சரியான ஃபைல் சொன்ன தேதிக்கு வந்து சேரும். எதில் வரைந்தேன் என்று மட்டும் இனிமேல் கேட்காதீர்கள்.