அந்த நாலு வருட இடைவெளி

அர்சுலா பர்ன்ஸை 'ஜெராக்ஸின் முதல் கறுப்பினப் பெண் தலைவர்' என்று ஒரே வரியில் உங்கள் கட்டுரை கடந்துபோனது வருத்தமாக இருக்கிறது. 1980-ல் அந்த அமெரிக்க நகலெடுப்பு இயந்திர நிறுவனத்துக்குக் கோடைக்காலப் பயிற்சிக்குப் போன பொறியாளர் அவர். தலைவர் பால் அலேர் கூட்டத்துக்குக் கூட்டம் 'இனி ஆள் எடுப்பதில்லை' என்பார். மாதம் ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அப்படியானால் யார் சொன்னால்தான் நிற்கும் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார் பர்ன்ஸ். அலேர் அவரை ஓரங்கட்டவில்லை, தன் உதவியாளராகவே வைத்துக்கொண்டார். இப்படி ஒரு மேலதிகாரி எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

2009-ல் தலைமைச் செயல் அதிகாரி. சரி, அப்புறம்? 2016 இறுதியில் அவர் அந்தப் பதவியிலிருந்து விலகிய பிறகு, 2021-ல் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனத்துக்கு ரோசலிண்ட் புரூவர் வரும்வரை, அமெரிக்காவின் மிகப்பெரிய 500 நிறுவனங்களின் பட்டியலான ஃபார்ச்சூன் 500-ல் நிரந்தரத் தலைமைச் செயல் அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை. அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள்.