புறாவுக்குப் பொரி போடும் வில்லன்

(பாலக்கோடு தக்காளி மண்டி. ஏலம் முடிந்த பிற்பகல். எடை போடும் முனுசாமி கணக்கு நோட்டை மூடுகிறார். திருவிழாக் காலத்தில் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுபவர். கல்யாண வீடியோ எடிட் செய்யும் அக்கா மகன் சதீஷ், குறும்படக் கதையோடு வந்து நிற்கிறான்.)

சதீஷ்: மாமா, நீங்கள்தான் வில்லன். மண்டி முதலாளி.

முனுசாமி: அப்புறம் நாளைக்கு இங்கே எனக்கு வேலை இருக்குமா?

சதீஷ்: கதையில் அது கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி.

முனுசாமி: சரி, கிருஷ்ணகிரி என்றால் பரவாயில்லை. ஆள் எப்படி?

சதீஷ்: விவசாயியை ஏமாற்றித் தோப்பை எழுதி வாங்குகிறான். ஆனால் சாதாரண வில்லன் இல்லை மாமா, ரொம்பச் சிக்கலான பாத்திரம். தினமும் காலையில் புறாவுக்குப் பொரி போடுவான்.

முனுசாமி: அப்புறம்?

சதீஷ்: சின்ன வயதிலேயே அம்மா இல்லை. ஃப்ளாஷ்பேக்கில் மழை கொட்டுகிறது. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

முனுசாமி: புறாவை எடுத்துவிட்டால் கதையில் என்ன மாறும்?

சதீஷ்: (யோசித்து) பொரிச் செலவு மிச்சமாகும்.

முனுசாமி: அப்படியானால் அது குணம் இல்லை மாப்பிள்ளை. நான் தோளில் கட்டுகிற புஜக்கட்டை மாதிரி. ஆட்டம் முடிந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

சதீஷ்: உங்கள் துரியோதனன் மட்டும் என்ன? சபையில் பாஞ்சாலி சேலையை உருவச் சொன்னவன்தானே!

முனுசாமி: நான் இல்லை என்றேனா? ஆனால் வில்லிபாரதத்தில் கர்ணன் குந்தியிடம் ஒன்று சொல்வான். தனியிடத்தில் இவனும் துரியோதனன் மனைவியும் இருக்கிறார்கள். அவள் இடுப்பில் கட்டிய மேகலை அறுந்து மணி சிதறுகிறது. புருஷன் வந்து பார்க்கிறான். உன் மண்டி முதலாளி என்ன செய்வான்?

சதீஷ்: வெட்டுவான். ஸ்லோமோஷனில்.

முனுசாமி: துரியோதனன் ‘எடுக்கவோ, கோக்கவோ’ என்று கேட்கிறான். மணியைப் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்று.

சதீஷ்: புரிகிறது மாமா. பாதி நல்லவன், பாதி கெட்டவன்.

முனுசாமி: அப்படிப் பிரிக்க முடிந்தால் எனக்கு ஆடுவது சுலபம். நடுராத்திரி வரை கெட்டவன், அப்புறம் விடியும்வரை நல்லவன். இரண்டும் ஒரே வீம்புடா! ‘நான் நண்பன் என்று சொன்னவன் தப்பு செய்யமாட்டான்’ என்கிற வீம்புதான் மணியைக் கோக்க வந்தது. ‘நான் இல்லை என்று சொன்ன நிலம் இல்லைதான்’ என்கிற வீம்பு, ஊசிமுனை இடம்கூடத் தராமல் குலத்தையே முடித்தது. வீம்பைப் பிடுங்கிவிட்டால் பகையும் இல்லை, நட்பும் இல்லை. 18 நாள் பாரதமும் இல்லை, எனக்குக் கூலியும் இல்லை.

சதீஷ்: அதனால்தான் படுகளத்தன்று, துரியோதனன் சாகிற கடைசி நாளில், எல்லோரும் குழம்பிப் போகிறார்களா?

முனுசாமி: உன் அம்மாவையே பார். துகிலுரிந்த இரவு என்னைப் பார்த்து ‘நாசமாய்ப் போக’ என்று மண் வாரித் தூற்றினாள். கூடப் பிறந்த தம்பி என்றும் பார்க்கவில்லை. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் சிலையின் தொடையில் பீமன் அடித்தபோது ‘நன்றாக வேண்டும்’ என்றாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழுததும் இவளும் மூக்கைச் சிந்தினாள். கடைசியில் அந்த மண்ணையே பிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

சதீஷ்: வீடியோ கேமிலும் இப்படி ஒன்று இருக்கிறது மாமா. 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. உலகமெல்லாம் நோய், ஒரு சிறுமியை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை. அவள் மூளையை அறுத்தால் மருந்து கிடைக்கலாம், ஆனால் அவள் பிழைக்கமாட்டாள். மகளைப் பறிகொடுத்த ஜோயல் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, டாக்டரைக் கொன்று, அவளைத் தூக்கி வந்துவிடுகிறான். அவளிடமே பொய்யும் சொல்கிறான்.

முனுசாமி: டாக்டரைக் கொன்றது யார்?

சதீஷ்: ஜோயல்.

முனுசாமி: பொத்தானை அழுத்தியது?

சதீஷ்: நான்தான். அழுத்தாவிட்டால் ஆட்டம் நகராதே!

முனுசாமி: போலீஸிலும் இதையே சொல்.

சதீஷ்: 2020இல் அடுத்த பாகம் வந்தது. அந்த டாக்டரின் மகள் ஜோயலைக் கொல்கிறாள். அப்புறம் பாதி ஆட்டம் அவளாகவே நாம் ஆட வேண்டும். கோபத்தில் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தேன்.

முனுசாமி: உடைந்ததா?

சதீஷ்: இல்லை. பொறுக்கி எடுத்து ஆடினால், அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

முனுசாமி: முந்தானையில் மண் முடிந்துகொண்டாய். உன் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். அந்த ஜோயலுக்கும் பாசம் ஒன்றுதான். காப்பாற்றியதும் அது, பொய் சொன்னதும் அது.

சதீஷ்: நாவலில்?

முனுசாமி: அதை உன் அத்தையிடம் கேள். ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி உடைத்துச் சொல்லாத கோபம், இன்றைக்கும் என் சாப்பாட்டுத் தட்டில்தான் இறங்குகிறது.

சதீஷ்: அப்போது என் முதலாளிக்கு என்ன குணம் வைப்பது?

முனுசாமி: (சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) கணக்கு நேராக இருக்க வேண்டும் என்கிற வெறி. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மறுநாளே தேடி வந்து டீ வாங்கித் தருவான். தனக்கு வர வேண்டியது பத்து ரூபாய் என்றாலும் விடமாட்டான்.

சதீஷ்: தோப்பை இழந்த விவசாயியே அவன் உயிரைக் காப்பாற்றிவிட்டால்?

முனுசாமி: அடி சக்கை! தோப்பைத் திருப்பிக் கொடுத்தால் நோட்டுக் கணக்கு பொய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் கடன்காரன். இனிமேல் அவனுக்குத் தூக்கம் ஏது? மழையை நிறுத்து.

சதீஷ்: லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே மாமா!

முனுசாமி: நம் தக்காளிச் செடிக்குத் திருப்பிவிடு. சரி, எனக்கு என்ன சம்பளம்?

சதீஷ்: நமக்குள் சம்பளமா மாமா? பாசம்தான்.

முனுசாமி: கர்ணனை நண்பன் என்று சொல்லிவிட்டுத் துரியோதனன் சும்மா இருந்தானா? அங்க தேசத்தையே தூக்கிக் கொடுத்தான்.

சதீஷ்: அங்க தேசத்துக்கு நான் எங்கே போவேன்?

முனுசாமி: வெளியே நிற்கிற பைக் யாருடையது?