மெக்சிகோ நகர ஊர்வலம் ஆஸ்டெக் வழக்கம் இல்லை

இறந்தோர் நாளில் மெக்சிகோ நகரில் நடக்கும் எலும்புக்கூடு வேட ஊர்வலம், ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட ஆஸ்டெக் மக்களின் காலத்திலிருந்தே வருவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அந்தப் பிரம்மாண்ட ஊர்வலம் முதன்முதலில் நடந்ததே 2016-ல்தான். முந்தைய ஆண்டு வந்த ‘ஸ்பெக்டர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சிக்காக அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனையாக அமைத்திருந்தார்கள். படம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடுவார்களே என்று அரசே நிஜமாக நடத்தத் தொடங்கியது. சினிமா ஒரு ஊருக்குத் திருவிழா கொடுத்த கதை, வேறென்ன!

இறந்தோரை நினைக்கும் வழக்கம் பழையதுதான். ஆனால் அதன் இடம் வீடும் கல்லறையும். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. மேடை போட்டு, இறந்தவரின் படம், மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் படைப்பார்கள். ஆவி வழி தெரிந்து வர, செண்டுமல்லி இதழ்களைத் தூவுவார்கள். நாம் மாலை கட்டும் அதே பூ. அதன் பிறந்தகமே மெக்சிகோதான்.

அப்புறம், இந்த நாளில் எங்கும் தென்படும், பெரிய தொப்பி போட்ட பெண் எலும்புக்கூடு உருவமான கத்ரினாவும் ஆஸ்டெக் தெய்வம் இல்லை. 1910 வாக்கில் மெக்சிகோ ஓவியர் ஹோசே குவாதலூபே போசாடா, ஐரோப்பிய மோகம் பிடித்தவர்களைக் கிண்டலடித்துச் செதுக்கிய கேலிச்சித்திரம் அது.