நிலம் கோடி பெறுமாம், உரம் வாங்கக் காசில்லை

ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா ஒருவர், "உனக்கென்ன மாப்ள, ரோட்டோரம் பன்னிரண்டு மா, நாலு ஏக்கர் கிடக்கு, இன்னிக்கு வித்தா கோடி, அதுவும் விவசாயிக்கு வரியே கிடையாது" என்றார். வயதில் பெரியவர், பந்தியில் வைத்துப் பதில் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அந்தக் கோடியைக் காட்டி எனக்கு இரண்டு லட்சம் கடன் வாங்கித் தரட்டும் பார்ப்போம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியில் என்றால் 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம். இரண்டு லட்சம் வரை அடமானமே கேட்கக்கூடாது என்று 2025 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதியே வைத்திருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே போனவுடன் கேட்கிற முதல் கேள்வி, "பட்டா யார் பேரில் இருக்கு?" தாத்தா பேரில். தாத்தா செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவருக்கப்புறம் அப்பா உழுதார், அப்பாவுக்கப்புறம் நான் உழுகிறேன். தண்ணீர் வராத வருடத்தில் காய்ந்ததும் நான்தான், வெள்ளத்தில் மூழ்கியதும் நான்தான். ஆனால் சிட்டாவில், அதாவது நிலம் யாருடையது என்று சொல்கிற அரசுப் பதிவில், நான் இல்லை. பயிர்க்கடன் இல்லை. மத்திய அரசு விவசாயிக்கு வருடத்துக்குத் தருகிற பிஎம் கிசான் 6,000 ரூபாய் இல்லை. இப்போது விவசாயிக்குத் தனித்துவ அடையாள எண் என்று ஒன்று தருகிறார்கள், அதற்கும் நிலப் பதிவில் பெயர் இருக்க வேண்டும்.

சரி, பட்டாவை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மூன்று வருடமாக அலைந்துகொண்டிருக்கிறேன். எண்பதுகளில் நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் அளவையில் தாத்தா பெயரின் இனிஷியலைத் தப்பாக எழுதி வைத்துவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்துக்கு ஒரு மனு, அந்த மனுவுக்கு ஒரு விசாரணை, விசாரணைக்குப் போனால் ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க. நடவு நேரத்தில் ஆளை வயலில் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும் அந்த அடுத்த வாரம் எவ்வளவு நீளம் என்று. அப்புறம் வாரிசுச் சான்று, அத்தைகள் இரண்டு பேருடைய சம்மதம், துபாயில் இருக்கிற சித்தப்பா மகனிடமிருந்து பவர் பத்திரம். அத்தைகளுக்குப் பங்கு உண்டு, அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. அவர்களும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் போடப் போனால்தான் அந்தக் கோடியின் அருமை தெரிகிறது. எங்கள் வயலுக்கு இரண்டு வயல் தள்ளி மனைப்பிரிவு போட்டுவிட்டார்கள். கல் நட்டு, கலர் கொடி கட்டி, வாய்க்காலைத் தூர்த்து ரோடு போட்டாயிற்று. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டம் போட்டார்கள், பெட்ரோலும் எரிவாயுவும் எடுக்கப் புதிதாக வரக்கூடாது என்றார்கள், அது பெரிய விஷயம்தான். ஆனால் நஞ்சையில் பிளாட் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லையே! பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைக்கிற நில விலைதான் வழிகாட்டி மதிப்பு. 2017இல் 33 சதவீதம் குறைத்த அந்த மதிப்பை 2023இல் திரும்பப் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். கிரயத்துக்குப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், ஆனால் குடும்பத்துக்குள் எழுதுகிற பத்திரங்களுக்கு அதே வருடம் உச்சவரம்பைக் கூட்டினார்கள். முத்திரைத் தீர்வை 25,000 என்று இருந்தது 40,000 ஆனது, பதிவுக் கட்டணம் 4,000 என்று இருந்தது 10,000 ஆனது. வாங்கி விற்கிறவனுக்குக் குறைத்து, தாத்தா சொத்தைப் பிரித்துக்கொள்கிறவனுக்கு ஏற்றுவது என்ன நியாயம்? நிலத்தின் விலை ஏறியதில் எனக்குக் கிடைத்தது இந்தச் செலவு ஒன்றுதான்.

விற்கலாம் என்றாலும் முடியாது. பட்டா பேரில் இல்லை என்பது புரோக்கருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வில்லங்கத்தைச் சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறான்.

வரியே இல்லையாம். நெல்லுக்கு வருமான வரி இல்லைதான். பூச்சி மருந்து பாட்டிலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, உரத்துக்கு 5 சதவீதம். கடைக்காரர் தான் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வார். நான் எதில் கழிப்பேன்? நான் விற்கிற நெல்லுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் கட்டியது கட்டியதுதான். டிராக்டருக்கு 12லிருந்து 5 ஆக்கினார்கள் 2025 செப்டம்பரில். வாங்குகிறவர்களுக்கு நல்லது. மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிற என்னைப் போன்றவனுக்கு ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

கடைசியில் எல்லாம் வீட்டுக்காரி கழுத்தில்தான் வந்து நிற்கிறது. போன மாதம் அவள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் இழுத்துப் பார்த்தார். தராசில் போட்டார். கொக்கி, அழுக்கு என்று அரை கிராம் கழித்தார். அவள் கல்லில் விழுந்த அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நகைக்கு மட்டும் யாரும் பட்டா கேட்பதில்லை, பத்து நிமிடத்தில் பணம் வந்துவிடுகிறது. ஆனால் வட்டி 9 சதவீதத்துக்கு மேல், நான் வைத்த இடத்தில் வருடம் முடிந்தால் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டித்தான் மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வெளியில் வட்டிக்கு வாங்கி மீட்டு, அன்று மாலையே திரும்ப அடகு வைத்து வட்டிக்காரனுக்குக் கொடுக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று போர்டு தொங்குகிற சங்கத்துக்கு நாலு கட்டிடம் தள்ளி இந்தக் கூத்து நடக்கிறது.

செத்தவர் பேரில் பட்டா கிடப்பது எங்கள் ஊரில் பாதி வீட்டின் கதை. வருவாய் அலுவலகத்துக்கு இது தெரியாதா? கிராமத்துக்கே வந்து ஒரு வாரம் முகாம் போட்டு உட்கார்ந்து முடித்துக்கொடுத்தால் என்ன? யார் எந்த வயலில் இறங்குகிறான் என்று ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நாற்று இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது, நட்டாக வேண்டும். பட்டா விசாரணைக்குத் திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய அத்தைக்கு முழங்கால் முடியவில்லை, மாடிப்படி ஏற முடியாது. ஆட்டோ பேசி வைத்திருக்கிறேன். படியில் நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.