ஹர்லிக்குத் தண்டனை கிடைக்கவில்லை

அண்ணா, நமீபியப் போர்ச் சித்திரவதை பற்றிப் பொய் சொன்னதற்காக தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கத்தோலிக்கப் பேராயர் டெனிஸ் ஹர்லிக்குத் தண்டனை கிடைத்தது என்கிறீர்களே, அது தப்பு. வழக்கு போட்டது நிஜம், அவ்வளவுதான். நமீபியாவில் இருந்த தென்னாப்பிரிக்க அரசின் 'கூஃபூட்' போலீஸ் படை (ஆப்பிரிக்கான்ஸில் கடப்பாரை என்று அர்த்தம், பேரைப் பாருங்கள்!) அங்குள்ள மக்களை வதைக்கிறது என்று 1983இல் வெளிப்படையாகச் சொன்னார். 1984இல் போலீஸ் சட்டத்தில் குற்றம் சாட்டினார்கள். 1985 பிப்ரவரியில் அரசே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டது.

அப்புறம், "சபைகள் எல்லாமே எதிர்த்தன" என்று நிறவெறி ஆட்சியைப் பற்றிக் கீழே எழுதிய தம்பிக்கு: டச்சு சீர்திருத்த சபை அரசு பக்கம்தான் நின்றது.

மசாலா வாங்க டர்பனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் போகிறோமே, பக்கத்தில் பழைய குயின் ஸ்ட்ரீட், அதற்கு இப்போது ஹர்லி பெயர்தான்.